ஒரு மீட்டர் சதுரக் குழி: இங்கிலாந்தில் அகழாய்வு செய்யும் பள்ளி மாணவர்களுடன்

திங்கள், லண்டன்

தேம்ஸ் ஆற்றின் நீர்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. லண்டன் நகருக்குள் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 7 மீட்டர். தண்ணீர் வடிந்திருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் வெளியே தெரிகிற கரைச்சேற்றில்தான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன். இடம் ரோதர்ஹைத். ‘தேம்ஸ் டிஸ்கவரி புரோகிராம்’ என்ற அமைப்பு 2008 முதல் இந்தக் கரையைப் பொதுமக்களின் துணையோடு அளந்து பதிவு செய்து வருகிறது. தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு பகுதியை ஒப்படைத்துவிடுகிறார்கள். அவர்கள் ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, எந்த மரம் வெளியே தெரிகிறது, எது அரித்துப்போனது என்று குறிக்கிறார்கள்.

இன்று வழிகாட்டியோடு வந்தவர்களில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். ரோதர்ஹைத் கரை ஒரு காலத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் இடம். 1805-இல் டிரஃபால்கர் போரில் பங்கெடுத்த ‘டெமரேர்’ போர்க்கப்பலை 1838-இல் இங்கேதான் உடைத்தார்கள். சேற்றிலிருந்து துருத்தி நிற்கும் தடித்த மரத்துண்டுகளில் பல, அப்படி உடைத்த கப்பல்களின் எலும்புகள். பிள்ளைகள் அவற்றில் ஆணி அடித்த துளைகளைத் தேடிப்பிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதையும் எடுக்கக்கூடாது என்பது முதல் விதி. இந்தக் கரையில் எதையாவது தேடுவதற்கே லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு சிறுவன் உடைந்த புகைக்குழாய்த் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். வெள்ளைக் களிமண்ணில் செய்த குழாய். வழிகாட்டி அவனைத் திட்டவில்லை. “அதன் கிண்ணம் எவ்வளவு சிறியது பார். புகையிலை விலை அதிகமாக இருந்த காலத்தில் கிண்ணத்தைச் சிறியதாகத்தான் செய்தார்கள். விலை குறையக் குறையக் கிண்ணம் பெரிதாகியது” என்றார். சிறுவன் கிண்ணத்துக்குள் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே கவனமாக வைத்தான்.

எனக்கு இந்தக் கரை பிடித்ததற்குக் காரணம், இங்கே எதுவும் முடிந்துபோன பாடமாக இல்லை என்பதுதான். 2010-இல் வாக்ஸ்ஹால் பாலத்துக்கு அருகே இதே அமைப்பினர் சில மரக்கட்டைகளைக் கண்டார்கள். ஏறத்தாழ 6,500 ஆண்டுகள் பழையவை. இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில், ரகசிய உளவுத்துறைத் தலைமையகத்தின் காலடியில், அதுவரை யாரும் கவனிக்காமல் கிடந்தவை.

செவ்வாய், லண்டன் – கேம்பிரிட்ஜ்

கேம்பிரிட்ஜ் ரயில் பிற்பகலில்தான். காலையில் புளூம்பெர்க் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும், மித்ராஸ் என்ற தெய்வத்துக்கான கோயிலைப் பார்க்கப் போனேன். ரோமானியர் காலக் கோயில். 1954-இல் இது வெளிப்பட்டபோது லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்துச் சென்றார்களாம். நான் போனது கோயிலுக்காக அல்ல, அங்கே வைத்திருக்கும் மரப் பலகைகளுக்காக.

அண்மைக் காலத்தில் அந்த மனையைத் தோண்டியபோது 400-க்கும் மேற்பட்ட ரோமானிய எழுத்துப் பலகைகள் கிடைத்தன. பலகையில் மெழுகு பூசி, அதில் கூரிய ஆணியால் எழுதுவார்கள். மெழுகு போய்விட்டது, ஆணி மரத்தில் கீறிய தடம் மட்டும் சிலவற்றில் நிற்கிறது. ஒன்றில் நாள்கூடத் தெளிவாக இருக்கிறது: கி.பி. 57, ஜனவரி 8. 105 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) கடனுக்கான ஒப்புச்சீட்டு அது. இன்னொன்றில் எழுதியிருப்பது வெறும் அகரவரிசை. எழுத்துப் பழகுவதற்காக யாரோ எழுதியது. பிரிட்டனில் பள்ளி ஒன்று நடந்ததற்கான மிகப் பழைய தடயமாக இது இருக்கலாம் என்கிறார்கள்.

மாலை கேம்பிரிட்ஜ். நாளைக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்கள்.

புதன், ஒரு கிராமம்

கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. தோண்டுவது மக்கள் குடியிருக்கும் வீடுகளின் தோட்டங்களில். மாணவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்கள். படம் எடுக்க மாட்டேன், யாரையும் அடையாளம் காட்ட மாட்டேன் என்று எழுதிக்கொடுத்த பிறகே என்னை அனுமதித்தார்கள். அதுதான் முறை.

பள்ளி மாணவர்களைக் கொண்டு ஊர்களைத் தோண்டும் இந்தத் திட்டத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கியவர் தொல்லியலாளர் கரென்சா லூயிஸ். தொலைக்காட்சி அகழாய்வு நிகழ்ச்சி ஒன்றின் வழியாக அங்கே பலருக்கும் தெரிந்த முகம். அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிமையானது, ஆனால் பெரியது. ஆளில்லாமல் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்களைத் தொல்லியலாளர்கள் நிறையத் தோண்டியிருக்கிறார்கள். காரணம், அங்கே வெறும் வயல்தான் இருக்கிறது. இன்றுவரை மக்கள் வாழும் ஊர்களை அவ்வளவாகத் தோண்டவில்லை. வீடும் தெருவும் தோட்டமும் மேலே இருக்கும்போது எப்படித் தோண்டுவது? அழிந்த ஊர்களை மட்டும் வைத்து நாட்டின் கிராம வரலாற்றை எழுதினால் அது தோற்றவர்களின் வரலாறாக மட்டும் இருக்கும். பிழைத்த ஊர்கள் எப்படிப் பிழைத்தன?

விடை, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி. ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒன்று, அடுத்த தெருவில் ஒன்று, தேவாலயத்துக்குப் பின்னால் ஒன்று. இரண்டு நாளில் தோண்டி, பதிவு செய்து, மூடிவிடலாம். தோண்டுவதற்குத் தேவைப்படும் நூற்றுக்கணக்கான கைகளைப் பள்ளிகள் தருகின்றன. குழிக்கு இடத்தை ஊர் தருகிறது. மாணவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அல்ல இது. மாணவர்கள் இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருக்கவே முடியாது. இந்த வேறுபாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

என்னை உட்காரவைத்த தோட்டத்தில் நான்கு பேர். வெவ்வேறு பள்ளிகள், ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. முதல் மணி நேரம் முழுவதும் புல்லைக் கட்டிகளாக வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் விரிப்பில் அதே வரிசையில் அடுக்கிவைப்பதில் போயிற்று. நாளை மாலை அதே வரிசையில் திரும்ப ஒட்ட வேண்டும். வீட்டுக்கார அம்மாள், எழுபதைத் தாண்டியவர், கதவோரம் நின்று தன் புல்தரையைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு முன்னால் இந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று தெரிந்தால் போதும், புல் மறுபடி வளரும்” என்றார்.

பத்துப் பத்துச் சென்டிமீட்டராகத்தான் இறங்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் மண்ணும் 10 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் விழ வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பை, தனிப் பக்கம். முதல் அடுக்கில் பொம்மைக் காரின் சக்கரம், நிலக்கரித் துண்டு, ஓட்டுத் துணுக்கு. இரண்டாவதில் நீல வெள்ளைச் சித்திரம் போட்ட பீங்கான் தட்டின் உடைசல், விக்டோரியா காலம். மூன்றாவதில் களிமண் புகைக்குழாய்க் காம்புகள். பல் துலக்கும் பிரஷால் அவற்றைக் கழுவிய மாணவி ஒவ்வொன்றையும் முகத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள்.

மழை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

வியாழன், அதே தோட்டம்

நான்காவது, ஐந்தாவது அடுக்குகள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் முக்கியமான இரண்டு மணி நேரம் இங்கே கழிந்தது.

ஒன்றும் கிடைக்கவில்லை. சல்லடையை ஆட்டி ஆட்டி மாணவன் ஒருவனுக்குத் தோள் வலித்துவிட்டது. கூழாங்கல், வேர், மறுபடி கூழாங்கல். பக்கத்துத் தோட்டத்திலிருந்து உற்சாகக் கூச்சல் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. மண்ணைச் சலிக்காமலேயே குவியலில் கொட்டலாமா என்று மெல்லக் கேட்டான். மேற்பார்வையாளர், முனைவர் பட்ட மாணவியாக இருக்க வேண்டும், குழியருகே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஒன்றும் இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும்?”

“சலித்துப் பார்த்தேன்.”

“எவ்வளவு மண்?”

“எல்லாம்.”

“அப்படியென்றால் அதை எழுது. எல்லா மண்ணையும் சலித்தோம், பானை ஓடு எதுவும் இல்லை என்று. சலிக்காமல் கொட்டினால் இந்தப் பக்கம் காலியாக இருக்கும். சலித்தால் இந்தப் பக்கத்தில் ஒரு தகவல் இருக்கும்.”

அவன் எழுதினான். எழுத்து அவ்வளவு அழகாக இல்லை. ஆனால் அந்த வரிக்குக் கீழே அவனாகவே மண்ணின் நிறம், ஈரம், கூழாங்கல்லின் அளவு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டான். வகுப்பறையில் வரலாறு கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: “தெரியவில்லை”, “இல்லை” என்ற விடைகளுக்கு நாங்கள் மதிப்பெண் கொடுப்பதில்லை. அதனால் பிள்ளைகள் இல்லாததை இட்டு நிரப்பப் பழகிவிடுகிறார்கள். இங்கே, சேற்றில் முழங்காலிட்டு, இல்லாமையையும் நேர்மையாகப் பதிவு செய்ய ஒரு பதினைந்து வயதுப் பையன் கற்றுக்கொண்டான்.

ஆறாவது அடுக்கில் மண் கறுத்தது. முதல் பானை ஓட்டை எடுத்தது, இரண்டு நாளாக அதிகம் பேசாதிருந்த மாணவி. கட்டைவிரல் நகம் அளவு. கருஞ்சாம்பல் நிறம், உடைந்த முனையில் வெள்ளைப் புள்ளிகள். கழுவியதும் சோப்பைத் தொட்டதுபோல் வழவழத்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. அரை மணி நேரத்தில் தட்டில் ஒரு சிறு குவியல் சேர்ந்துவிட்டது. ஊர்ச் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பானை ஓட்டு வல்லுநரிடம் தட்டைத் தூக்கிக்கொண்டு நால்வரும் ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன்.

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். “செயின்ட் நியட்ஸ் வகை. இந்த வெள்ளைப் புள்ளிகள் களிமண்ணோடு கலந்த கிளிஞ்சல். 10-ஆம் நூற்றாண்டு முதல் 12-ஆம் நூற்றாண்டுக்குள். அடுப்பில் வைத்த பானை. இந்த விளிம்பில் கரி இருக்கிறது, பாருங்கள்.”

பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்தது 1066-இல். அதற்கு முன்பே யாரோ அந்தத் தோட்டத்தில் சமைத்திருக்கலாம்.

“வைத்துக்கொள்ளலாமா?” என்று கண்டெடுத்த மாணவி கேட்டாள். கேட்கத்தான் செய்வார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி நிலத்தில் கிடைக்கும் சாதாரணப் பொருள் நில உரிமையாளருக்குச் சொந்தம். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வருபவை மட்டும் வேறு கணக்கு. எனவே பானை ஓடு அந்த அம்மாளுடையது, ஆய்வுக்காக அவர் இரவல் தருகிறார். மாணவியின் பங்கு, பதிவேட்டில் அவள் கையெழுத்தில் இருக்கும் பக்கம். அவளுக்கு இந்த விடை போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மாலையில் ஓடுகளை அவள்தான் அந்த அம்மாளின் சமையலறை மேசைக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கினாள். வல்லுநர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் விடவில்லை. கிளிஞ்சலைச் சொன்னாள், கரியைச் சொன்னாள், நூற்றாண்டைச் சொன்னாள். ஊர்க்காரருக்கு அவருடைய ஊரை வெளியூர்ப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மேசையருகே அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம்.

மனிதக் கை படாத கன்னிமண் தெரிந்ததும் குழியை அளந்து, நான்கு பக்கச் சுவர்களையும் வரைந்து, மண்ணைத் திரும்பத் தள்ளி மிதித்தார்கள். புற்கட்டிகள் கிட்டத்தட்ட அதே வரிசையில் திரும்பின.

வெள்ளி, கேம்பிரிட்ஜ்

மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்துக்குள். பூட்ஸ் இல்லாமல், தலைசீவி வந்த பிள்ளைகளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இவர்களில் பலரின் குடும்பங்களில் யாரும் பல்கலைக்கழகத்துக்குப் போனதில்லை. அந்த வாசலைத் தாண்ட வைப்பதும் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. இரண்டு நாளின் பதிவேட்டை வைத்து ஒவ்வொருவரும் அறிக்கை எழுத வேண்டும்.

காலை விரிவுரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். 2016-இல் கரென்சா லூயிஸ் ‘ஆன்டிக்விட்டி’ ஆய்விதழில் வெளியிட்ட முடிவுகள். கிழக்கு இங்கிலாந்தின் 55 ஊர்களில் தோண்டிய ஏறத்தாழ 2,000 குழிகளின் பானை ஓடுகளை எடுத்துக்கொண்டார். 14-ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க்கு முந்தைய இரண்டு நூற்றாண்டுகளின் ஓடுகள் எத்தனை குழிகளில் இருக்கின்றன, அதற்குப் பிந்தைய இரண்டு நூற்றாண்டுகளின் ஓடுகள் எத்தனையில் இருக்கின்றன என்று ஒப்பிட்டார். வீழ்ச்சி ஏறத்தாழ 45 விழுக்காடு.

‘கறுப்புச் சாவு’ என்று அழைக்கப்படும் அந்தக் கொள்ளைநோய் இங்கிலாந்துக்கு வந்தது 1348-இல். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களிடையே நெடுநாள் விவாதம். நிலப்பிரபுக்களின் கணக்கேடுகளும் தேவாலயப் பதிவுகளும் எல்லா ஊருக்கும் இல்லை. ஏழைகளைப் பற்றி அவை அதிகம் சொல்வதுமில்லை. இங்கே, அந்த ஏழைகள் உடைத்தெறிந்த பானைகள், அல்லது உடைப்பதற்கு ஆளில்லாமல் போன பானைகள், பேசத் தொடங்கியிருக்கின்றன. அந்த 2,000 குழிகளில் பெரும்பகுதியைத் தோண்டியவர்கள் பள்ளி மாணவர்களும் ஊர்மக்களும்.

நேற்றுச் சல்லடையோடு போராடிய பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். தன் நான்காவது, ஐந்தாவது அடுக்குகளை நினைத்திருப்பான். ஆனால் விரிவுரையாளர் அவனை எளிதில் விடவில்லை. ஒரு குழியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். அந்த இடம் சில காலம் வெறும் தோட்டமாகக் கிடந்திருக்கலாம். வீடு பத்தடி தள்ளிப் போயிருக்கலாம். ஒன்றிரண்டு சிறு ஓடுகள் எருவோடு சேர்ந்து வயலுக்கு வந்தவையாகவும் இருக்கலாம். ஒரு ஊரில் இருபது, முப்பது குழிகள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் பேச்சு எழும்.

ஒரு மாணவி கையுயர்த்தினாள். “மண்பானையை விட்டுவிட்டு உலோகப் பாத்திரத்துக்கு மாறியிருந்தால்?”

நல்ல கேள்வி. அறையில் இருந்த ஆய்வாளர்கள் அதை நல்ல கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள். பழக்கம் மாறியிருந்தால் எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரி குறைந்திருக்க வேண்டும். சில ஊர்களில் குறையவே இல்லை, சிலவற்றில் மிகக் கடுமையாகக் குறைந்திருக்கிறது, எனவே ஆள்தொகையே முதன்மைக் காரணமாகத் தெரிகிறது என்று விளக்கினார்கள். பிறகு, இந்தக் கேள்வியை அறிக்கையில் எழுதச் சொன்னார்கள்.

மதிய இடைவேளையில் ஓர் ஆசிரியரிடம் பேசினேன். இங்கிலாந்தில் பள்ளி மேல்வகுப்புத் தேர்வில் தொல்லியல் ஒரு பாடமாக இருந்தது. அந்தப் பாடத்தை நிறுத்துவதாக 2016-இல் அறிவித்தார்கள். கடைசித் தேர்வு 2018-இல் நடந்தது. தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் கற்காலமும் உள்ளூர் வரலாறும் இருக்கின்றன. அதற்குப் பிறகு, பதினாறு வயதில் தொல்லியலைத் தேர்ந்தெடுக்க விரும்பும் பிள்ளைக்குத் தேர்வுப் பாடம் இல்லை. இது பெரும் இழப்பு என்றே நினைக்கிறேன். தன்னார்வலர்களும் பல்கலைக்கழகங்களும் வார இறுதிகளிலும் மூன்று நாள் முகாம்களிலும் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைப் பாராட்டும்போதே, அந்தச் சுமையை அவர்கள்மீது மட்டும் விட்டது நியாயமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாலை ரயில். பீட்டர்பரோவில் மாறி யார்க்.

சனி, யார்க்

யார்க்கில் காப்பர்கேட் தெருவை 1976 முதல் 1981 வரை தோண்டி வைக்கிங் காலத்து வீதியை வெளிக்கொணர்ந்தார்கள். மரமும் தோலும் துணியும் ஈரமண்ணில் கெடாமல் கிடைத்தன. அதன் மேலேயே 1984-இல் ஜோர்விக் அருங்காட்சியகம் திறந்தது. கூட்டம் அலைமோதியது, சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்.

காப்பர்கேட்டைத் தோண்டிய அதே அமைப்பினர் செயின்ட் சேவியர்ஸ் என்னும் பழைய தேவாலயத்துக்குள் 2006-இல் தொடங்கிய ‘டிக்’ என்னும் இடம் சிறு குழந்தைகளுக்கானது. செயற்கை மண், அதற்குள் பொருள்களின் நகல்கள். ரோமானியர், வைக்கிங், இடைக்காலம், விக்டோரியா காலம் என நான்கு குழிகள். குழந்தைகள் கரணையால் சுரண்டித் தேடுகிறார்கள், எப்போதும் கிடைத்துவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு இது அருமையான தொடக்கம். கிராமத்துத் தோட்டத்திலிருந்து வந்த எனக்கு, எப்போதும் கிடைத்துவிடுவதுதான் குறையாகப் பட்டது. பதினான்கு வயதில் இதையே கொடுத்தால் பொய்யாகிவிடும்.

பிற்பகல், ‘இளம் தொல்லியலாளர் மன்ற’த்தின் கிளை ஒன்றின் கூட்டம். 1972-இல் தொடங்கிய இயக்கம்; பிரிட்டிஷ் தொல்லியல் கழகம் நடத்துகிறது. எட்டு முதல் பதினாறு வயது வரையுள்ளவர்களுக்கான கிளைகளைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். இன்று வேலை தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில்: ஒவ்வொரு கல்லின் உயரம், அகலம், கல்வகை, எழுத்து, அது எந்தத் திசை பார்க்கிறது. கல்லைச் சுரண்டக்கூடாது, பாசியைப் பெயர்க்கக்கூடாது. எழுத்து மங்கிய இடத்தில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழலில் எழுத்து எழுகிறது என்பதை ஒன்பது வயதுச் சிறுமி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். படிக்க முடியாத எழுத்துக்கு அவள் ஊகத்தை எழுதவில்லை, புள்ளி வைத்தாள்.

இந்தக் கிளையில் சேரக் காத்திருப்போர் பட்டியல் நீளம். பிள்ளைகள் இருக்கிறார்கள், இடமும் இருக்கிறது. பயிற்சி பெற்ற பெரியவர்கள்தான் போதவில்லை. கிளைத் தலைவி இதை மூன்று முறை சொன்னார். வயது வரம்பைத் தாண்டப்போகும் ஓர் இளம்பெண் பக்கத்தில் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தொல்லியல் தேர்வுப் பாடமாக இல்லாததால் வரலாறு, புவியியல், வேதியியல் எடுத்திருக்கிறாளாம். பல்கலைக்கழகங்களில் சேர அதுவே போதும் என்று தலைவி அவளுக்கு ஏற்கெனவே விசாரித்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து அவள் உதவியாளராக வருகிறாள். கிளம்பும் முன் இருவரும் அடுத்த கூட்டத்துக்கான பட்டியலைப் போட்டார்கள்: கைவிளக்கு ஆறு, பதிவுத் தாள் நாற்பது, மழை பெய்தாலும் எழுதுகிற பென்சில் ஒரு பெட்டி.

என் கையில் இருந்த கேம்பிரிட்ஜ் பதிவேட்டின் வெற்றுப் படியை அந்தப் பெண் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டாள்.